ஏரிக்குக் கட்டிய காப்பு

சென்ற வாரம் கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் எங்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள்.

நிறுத்தாத நாள் உண்டா? பொள்ளாச்சிப் பக்கமிருந்து யாராவது மடியில் கட்டி அரிசி கொண்டுவருகிறார்களா என்று பார்க்க வேண்டாமா? காவலர் ஏறினார். ஸீட்டுக்கு அடியில் இருந்த மூட்டைகளை இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். என் மூட்டையில் பருத்திக்கொட்டை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நிமிர்ந்தவர், மேலே கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார்.

"இது எந்த அம்பலத்துக் காப்பு?"

அம்பலம் என்றால் அவர் பாஷையில் கோயில். என் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் நூல். வெளுத்து, அழுக்கேறி, பாதி இற்றுப் போனது.

"ஏரிக்குங்க" என்றேன்.

"ஏரிக்கோ? ஏரிக்கு ஆராவது காப்பு கெட்டுமோ?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். விளக்கம் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நாலாம் வகுப்போடு நின்றவன் வாராவாரம் பத்திரிகையின் இந்த மூலையில் எழுதிக்கொண்டிருப்பதே, வாயால் சொல்ல வராததைக் கையால் சொல்லத்தானே...

அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள் — வெளிச்சம் இருக்கும்போதே படித்துவிடுங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து கிழக்கே வந்தால் எங்கள் ஏரி. பெரிய ஏரி அல்ல. மழைக்காலத்தில் நிறையும், கோடையில் வற்றி, மதகுக்குப் பக்கத்திலிருக்கும் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். அந்தப் பள்ளத்தை மடைக்குழி என்போம். கரையில் ஏழு கற்கள் நட்டிருக்கும். அவர்கள் கன்னிமார். ஏரிக்குக் காவல்.

போன கோடையில் அந்தக் குழியில் மீன்கள் செத்து மிதந்தன. குடிக்க இறங்கிய மாடுகளும் வாயில் புண்ணோடு வந்தன. மனு எழுதிப் போட்டோம். ஒரு வருஷம் கழித்து, இந்தக் கோடையின் தொடக்கத்தில், ஒரு ஜீப் வந்தது. ஜீப்பிலிருந்து சசிதரன் சார் இறங்கினார். மனு போன ஆபீஸிலிருந்து வந்த இளைஞர். நல்ல மனுஷன்.

"வாரத்தில் ஒரு நாள் இந்தத் தண்ணீரை நோக்கணும். எனக்கு ஒற்றைக்கு முடியாது. இங்கே உள்ளவர் யாராவது சேவையாய்ச் செய்யணும்" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

கூட்டம் அவரையே பார்த்தது.

"சேவைன்னா... கூலி கெடையாதுங்களா?" என்று ஒரு குரல்.

"இல்லா."

"வாராவாரம் வரோணுமுங்களா?"

"வேணும்."

கூலி இல்லாமல் வாராவாரம் ஒரு வேலை. அப்படி ஒன்று உலகத்தில் உண்டா? ஊர் யோசித்தது. கடைசியில் ஆறுமுகப் பூசாரிதான் விடை கண்டுபிடித்தார்.

"கூலியில்லாமச் செய்யறது வேண்டுதலுங்க சாமி. அப்பக் காப்புக் கட்டிப்போடுவோம். காப்புக் கட்டுனவன் வாரம் தப்புவானா?"

கேட்டவர்கள் எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது. சாருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டார். ஆக, தண்ணீரைச் சோதிக்க முன்வந்த எங்கள் கைகளில், கன்னிமார் முன்னால், மஞ்சளில் நனைத்த நூல் ஏறியது. ஏரி நிறையும் வரை அவிழ்க்கக் கூடாது. அதுவரை சுத்தபத்தமாக இருக்க வேண்டும். காப்புக் கட்டியவன் தப்புச் செய்தால் காப்பே காட்டிக்கொடுத்துவிடும் — இது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

கட்டிக்கொண்டவர்கள் நாலு பேர். ஒருவன் நான், வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு மாட்டியவன். இன்னொருவர் காசிம் ராவுத்தர். கூட்டுரோட்டில் மளிகைக் கடை. "கன்னிமாரு கோச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டதற்கு, "நான் கடையில கடன் கேக்குறவங்களத் தவிர யாருக்கும் கெடுதல் பண்ணதில்ல, கட்டுங்க" என்று கையை நீட்டினார். மூன்றாவது நாச்சிமுத்து, ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர். பரிசல் அவருடையது, துடுப்பும் அவரே போடுவார். எப்போதும் சிரித்த முகம், எப்போதும் முழுக்கைச் சட்டை.

நான்காவது பாப்பாத்தி. கரையை ஒட்டியே வீடு. கணவன் ராமசாமிக்குச் சக்குபள்ளம் மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. திருவிழாவுக்குத் திருவிழாதான் வருவான். "தெனமும் இந்தத் தண்ணியப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். வாரத்துல ஒரு நாள் உத்துப் பாக்கறதுல என்னங்ணா போச்சு?" என்று அவளாகவே வந்தாள். உண்மையில் தானாக வந்தவள் அவள் ஒருத்திதான்.

வேலை எளிது. வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு வட்டத் தகடு. அதைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் இறக்க வேண்டும். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் தண்ணீரின் தெளிவு. அது என் வேலை. கயிறு கட்டையில் சுற்றியிருக்கும். கட்டையைத் திருப்பினால் போதும். பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது பாப்பாத்தி. மேலாப்பில் இருக்கும் தண்ணீர் ஆகாதாம். இரண்டு கையையும் முழங்கை வரை உள்ளே விட்டு, ஒரு கையில் பாட்டிலைப் பிடித்து, மறு கையால் மூடியை உள்ளேயே திறந்து மூட வேண்டும். ராவுத்தர் பாட்டிலை வாங்கித் துடைத்துக் கடையில் பத்திரமாக வைப்பார். ஜீப் வரும்போது எடுத்துப் போகும்.

ஜீப் எப்போது வரும்? அதை ஜீப்பிடம்தான் கேட்க வேண்டும்.

"அடுத்த மாசம் ஒரு காகிதம் வரும்" என்று போகும்போது சார் சொல்லிவிட்டுப் போனார். "தண்ணீரில் முக்கினால் நிறம் மாறும். தண்ணீரின் குணம் அப்போதே அறியலாம்."

நாங்கள் காகிதத்துக்குக் காத்திருந்தோம்.

முதல் ஞாயிறு தகடு ஒரு முழத்திலேயே மறைந்துவிட்டது. பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். அடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் கீழே போனது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் கீழே.

ஊருக்குச் சந்தோஷம். "பாத்தீங்களா, காப்புக் கட்டினதும் கன்னிமாருக்கு மனசு குளுந்துருச்சு!" நாச்சிமுத்து எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். தண்ணீர் தெளிந்துகொண்டே போனது. கண்ணாடி மாதிரி... இல்லை, கண்ணாடியில் நம் முகமாவது தெரியும். இதில் அடி தெரிந்தது.

ஒரு ஞாயிறு தகட்டை இறக்கினேன். இறக்கினேன். கயிறு தளர்ந்தது. தகடு தரையில் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கிருந்து என்னைப் பார்த்தது.

நான் பரிசலின் விளிம்பில் குனிந்து பார்த்தேன். குழியின் அடியில் ஒரு வண்டிச் சக்கரம். ஒற்றைச் செருப்பு. வாய் பிளந்த ஒரு குடம். எந்தக் காலத்தில் யார் தொலைத்ததோ... எல்லாம் அப்படி அப்படியே கிடந்தன. எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஒரு பூச்சு.

"விபூதி பூசினாப்பல இருக்குதுங்ணா" என்றாள் பாப்பாத்தி மெதுவாக.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவள் மெதுவாகச் சொன்னது அத்தனை தெளிவாகக் கேட்டது ஏன்? வேறு சத்தமே இல்லை. தவளை இல்லை. தும்பி இல்லை. கொக்கு கரையில் நின்றது. தண்ணீரில் கால் வைக்கவில்லை. எங்கள் வீட்டு எருமை — தண்ணீரைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற எருமை — அந்த வாரமெல்லாம் கரை வரைக்கும் வந்து, மூக்கை நீட்டி முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது.

தெளிந்த தண்ணீரைப் பார்த்து நீங்கள் பயந்ததுண்டா? நான் அன்று பயந்தேன். உயிருள்ள தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் கலங்கல் இருக்கும். இது ஒன்றும் இல்லாத தண்ணீர்.

"போதும், போலாம்" என்றார் நாச்சிமுத்து, துடுப்பைப் போட்டபடி. பாப்பாத்தி கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தவள் நிறுத்தினாள்.

"இதென்னங்ணா..."

அவள் மணிக்கட்டில் காப்பு சிவந்திருந்தது.

வெற்றிலை எச்சில் சிவப்பல்ல, குங்குமச் சிவப்பும் அல்ல. கையை அறுத்துக்கொண்டவள் போல நூல் நெடுக ரத்தச் சிவப்பு. நான் என் கையைப் பார்த்தேன். மஞ்சள். ராவுத்தரும் தன் கையைப் பார்த்தார். மஞ்சள்.

கரையில் நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். பிறகென்ன?

காப்புக் காட்டிக்கொடுத்துவிட்டது என்றது ஊர். என்ன தப்பு? அதை யாரும் வாயால் சொல்லவில்லை. கணவன் மலையில் இருக்கிறான், இவள் கரையில் தனியாக இருக்கிறாள் — இவ்வளவு போதாதா? மீதியை அவரவர் வீட்டில் அவரவர் எழுதிக்கொண்டார்கள்.

இதைவிட விபரீதம், புதன்கிழமை அந்தக் காப்பு மறுபடியும் மஞ்சளாக இருந்தது. "மஞ்சளப் பூசி மறைக்கறா பாரு" என்றார்கள். அடுத்த ஞாயிறு தண்ணீரில் கை விட்டாள், சிவந்தது. வாரத்தின் நடுவில் மஞ்சளானது. ஞாயிறு சிவந்தது. உயிருள்ள ஏதோ ஒன்று அவள் கையில் சுருண்டு கிடந்து மூச்சுவிடுவது போல...

ராவுத்தர் கடையில் இதே பேச்சு. நான் வழக்கம்போல அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நாச்சிமுத்து மீன் கூடையோடு வந்தார். ஞாயிறென்றால் மீனுக்குக் கிராக்கி. விடிவதற்குள் கொல்லங்கோட்டுக்குக் கூடை கூடையாக அனுப்பிவிட்டு, மிஞ்சியதைக் கடைக்குக் கொண்டுவருவார். ராவுத்தர் ஒரு மீனை எடுத்துப் பார்த்தார். அதன் கண் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்ன குத்தகைக்காரரே, வெந்த மீனையா வலை போட்டுப் புடிச்சீங்க?"

"வெயிலு அப்புடியுங்க ராவுத்தரே. தண்ணியே கொதிக்குது."

"அந்தக் கொதிக்கிற வெயில்ல முழுக்கைச் சட்டை! மாப்பிள்ளை மிடுக்குத்தான். ஆமா, திருவிழாவுக்கு வெள்ளையடிக்கணும்னு சுண்ணாம்புக்கல்லு மூட்டை மூட்டையா எடுத்துட்டுப் போறீங்களே, ஊடா கட்டியிருக்கீங்க, அரமனையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துதான் அதிகம் சிரித்தார். சிரித்து முடித்து, முகத்தைக் கனமாக்கிக்கொண்டு, அங்கே உட்கார்ந்திருந்த பூசாரியிடம் திரும்பினார்.

"ஏனுங்க பூசாரியாரே, அந்த அம்முணி வெசயத்த இப்புடியே வுடறதுங்களா? கன்னிமாரு கோவம் ஊர் மேலயல்ல எறங்கும்? அவளே வந்து ஆலாத்தி சுத்தட்டும். சுத்திப்போட்டு எல்லார்த்து முன்னாலயும் காப்ப அவுத்து ஏரியில வுட்டுப்போட்டு, பொறந்த ஊட்டுக்குப் போயிரட்டும்."

பூசாரி யோசித்தார். "வர்ற வெள்ளி போயி அடுத்த வெள்ளிக்கெழம திருவிழாவுக்கு ராமசாமி வந்துருவானே."

"அவன் வாரதுக்கு முந்தி முடிச்சரோணும். வர்ற ஞாயித்துக்கெழமையே வெச்சுக்குங்க."

எல்லாருக்கும் தெரியும். நேரம் வராமல் காப்பை அவிழ்ப்பது என்றால், செய்தேன் என்று ஒப்புக்கொள்வது. அவிழ்த்த கையோடு அவள் நிற்கும்போது, பஸ்ஸிலிருந்து இறங்கும் ராமசாமி காதில் முதலில் எது விழும்?

அன்று மாலை நான் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். வழக்கம்போல வார்த்தை வரவில்லை. அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்டச் சொல்லிவுட்டாங்களா, எங்கிட்டச் சொல்லச் சொல்லி?"

"இல்ல அம்முணி. சும்மாதான்."

"கை எரியுதுங்ணா" என்று உள்ளங்கையைக் காட்டினாள். தோல் உரிந்து ரோஸ் நிறமாக இருந்தது. "கை எரியுதுன்னு பூசாரியண்ணங்கிட்டச் சொன்னா, குத்தம் பண்ணின கை எரியத்தான் செய்யுங்கறார்." பிறகு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். புளித்தண்ணீர் பட்ட இடத்தில் சிவப்பு மறைந்து மஞ்சள் வந்துகொண்டிருந்தது. என் கண் முன்னாலேயே. நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

அவள் மட்டும் பயப்படவில்லை. நூலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம வரேன்னு சொல்லிருங்ணா" என்றாள்.

ஞாயிறு. வெயில் ஏறியிருந்தது. கரை முழுக்க ஜனம். ஆனால் சந்தையில் நிற்கும் ஜனம் மாதிரி இல்லை. யாரும் குரல் உயர்த்தவில்லை. அந்த ஏரிக்குப் பக்கத்தில் யாருக்கும் குரல் உயர்த்தத் தோன்றாது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. அடியில் அந்தக் குடம் வாயைத் திறந்துகொண்டு மேலே பார்த்தது.

பாப்பாத்தி பித்தளைத் தட்டோடு வந்தாள். முந்தானை முடிச்சில் மஞ்சள்பொடி. மற்ற கையை மூடி வைத்திருந்தாள். கன்னிமாருக்குச் சுற்றும் ஆலாத்தியை ஏரித் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். படியில் இறங்கி, குழித்தண்ணீரைத் தட்டில் அள்ளினாள். ஏழு கற்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்த்து மஞ்சளைத் தண்ணீரில் கொட்டினாள்.

தட்டு சிவந்தது.

ஒரு விரல் கூட அவள் விட்டுக் கலக்கவில்லை. மஞ்சள் விழுந்த இடத்திலிருந்து சிவப்பு தானாகக் கிளம்பி, கிளை கிளையாகப் பிரிந்து, தட்டு முழுக்கப் பரவியது.

"ஆத்தா..." என்றார் யாரோ. பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

"பாத்துட்டீங்கல்ல?" என்றார் நாச்சிமுத்து. "சீக்கிரஞ் சுத்திப்போட்டு அவுக்கச் சொல்லுங்க."

பாப்பாத்தி எழுந்திருக்கவில்லை.

"பூசாரியண்ணா, ஒண்ணு கேக்கறனுங்க. ஆலாத்தி எதுனால செவக்கும்?"

"இதென்ன கேள்வி? மஞ்சளோட சுண்ணாம்பு சேந்தாச் செவக்கும்."

அவள் மூடியிருந்த கையைத் திறந்து நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு வெற்றிலை. வெற்றிலையில் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு. தொடாமல் அப்படியே இருந்தது.

"நான் இன்னும் சுண்ணாம்பே போடலீங்களே."

எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக ஏரியைப் பார்த்தார்கள். வெள்ளை பூசிய அடித்தரையை. எங்கள் ஊரில் ஆலாத்தி கரைக்காத வீடு உண்டா? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாத ஒரு ஆள் அந்தக் கரையில் உண்டா? வீட்டு வாசலில் அது ஆலாத்தி. அதுவே ஏரிக்கு வந்ததும் ரத்தமாகிவிட்டது எங்களுக்கு.

முதலில் அசைந்தவர் ராவுத்தர். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினார். கையை மணிக்கட்டு வரை தண்ணீரில் விட்டு எடுத்தார். காப்பு சிவந்தது. உயரத் தூக்கிக் காட்டினார்.

"நானும் தப்புப் பண்ணிட்டேன் போலயே! எந்தப் பொம்பளையோடன்னு பூசாரியாரு விசாரிச்சுச் சொன்னா, எங்க ஊட்டுலயும் தகவல் சொல்லிருவேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான் இறங்கினேன். நாலு பேர் பார்க்க ஒரு காரியம் செய்வது எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் வழவழவென்று இருந்தது, சோப்புத் தண்ணீர் போல. என் காப்பும் சிவந்தது. இத்தனை ஞாயிறு பரிசலில் போயும் எங்கள் மணிக்கட்டு நனைந்ததே இல்லை. நனைந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

"அப்ப... இன்னொரு காப்பு இருக்குதே" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "குத்தகைக்காரரே, நீங்களும் எறங்கி நனைங்க."

"எனக்குச் சளிங்க. தண்ணி ஆகாது."

"கைய மட்டுந்தானுங்க."

"வேண்டாமுங்க. இந்தப் பொம்பள பேச்சக் கேட்டுட்டு..."

பூசாரி எழுந்தார். வயதான மனுஷர், கரையில் குச்சியை ஊன்றி ஊன்றி நடந்துபோய் நாச்சிமுத்துவுக்கு முன்னால் நின்றார்.

"நான் கட்டின காப்பு. நான் பாக்கோணும்."

கட்டியவர் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். அது முறை. நாச்சிமுத்து சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றவில்லை. பூசாரிதான் கழற்றினார். துணியை மேலே மடித்தார்.

உள்ளே காப்பு ஏற்கெனவே சிவந்திருந்தது.

பாப்பாத்தியின் சிவப்பு அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. நாள்பட்டு உறைந்த ரத்தம் போல அது கருஞ்சிவப்பு. நூலின் முறுக்குக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் துகள். நூலைச் சுற்றித் தோல் வெந்து கிடந்தது. தண்ணீர்ப் பக்கமே கையைக் கொண்டு போகாத மனுஷனின் கை.

"ஊட்டுக்கு வெள்ளையடிக்கிறேன்னீங்க" என்றார் ராவுத்தர். இப்போது அவர் குரலில் கிண்டல் இல்லை. "உங்க ஊட்டுச் செவுரு இன்னும் மண்ணாத்தான இருக்குது?"

நாச்சிமுத்து கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்தது. எடுக்க மறந்துவிட்டார் போலும்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. போன கோடையைப் போலவே, ஞாயிற்றுக்கிழமை மீனுக்காக, விடிவதற்கு முன் சுட்ட சுண்ணாம்புக் கல்லை மூட்டையோடு குழியில் கொட்டுவார். மீன் மூச்சு முட்டி மேலே வரும். அள்ளிக்கொள்ளலாம். நாங்கள் போவதற்குள் சுண்ணாம்பு பாசியையும் சேற்றையும் இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். தண்ணீர் பளிங்காகத் தெளியும். நாங்கள் தகட்டை இறக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுவோம். அவர் டீ வாங்கிக் கொடுப்பார். காப்புச் சிவந்தபோது முதல் ஆளாக அவருக்குத்தான் காரணம் தெரிந்திருக்கும். அவர் கையிலும் சிவந்ததே! அதனால்தானே அந்தப் பெண்ணை ஊரை விட்டு அனுப்ப அத்தனை அவசரம்...

ஏலம் ரத்தானது. சசிதரன் சார் வந்தார். குழியின் அடியிலிருந்து வெள்ளைச் சேற்றை எடுத்துப் பார்த்தார். எங்கள் கைகளைப் பிடித்துக் காப்பைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தார்.

"நிறம் மாறும் காகிதம். இன்றுதான் கிடைத்தது" என்றார், யாரையும் பார்க்காமல்.

பாவம், அவரைக் குறை சொல்வானேன்? அவர் கேட்டு அனுப்பிய காகிதம் எத்தனை மேஜை தாண்டி வர வேண்டுமோ. இப்போது அதையும் முக்குகிறோம், காப்பையும் முக்குகிறோம். இதுவரை இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொன்னதில்லை. கன்னிமார்தான் காட்டிக்கொடுத்தார்கள் என்கிறார் பூசாரி. தண்ணீரில் காரம் ஏறியதால் என்கிறார் சார். இரண்டு பேரிடமும் நான் தலையாட்டிவிடுவேன். இரண்டு பேருமே நமக்கு வேண்டியவர்கள்.

வெள்ளிக்கிழமை ராமசாமி பஸ்ஸிலிருந்து இறங்கினான். அவனிடம் சொல்வதற்கென்றே கூட்டுரோட்டில் சிலர் காத்திருந்தார்கள். "உன்ற ஊட்டுக்காரி ஊரையே காப்பாத்திப்போட்டா அப்புனு!" என்று ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். போன வாரம் அதே இடத்தில் அதே ஆட்கள் வேறொரு கதையைத் தயாராக வைத்திருந்தார்கள். வாய் அதேதான். சரக்குத்தான் மாறியிருந்தது.

அவன் அவர்களை விலக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். நான் பின்னாலேயே அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் கையைத் திருப்பிப் பார்த்தான். உரிந்த தோலைப் பார்த்தான். "எண்ண வெச்சியா?" என்று கேட்டான். அவ்வளவுதான். அவள் அப்போதுதான் அழுதாள்.

திரும்பும்போது வாசல் வரை வந்தவளிடம் கேட்டேன். நானாக ஒருவரிடம் கேள்வி கேட்பது அபூர்வம்.

"அம்முணி, அன்னிக்குச் சுண்ணாம்பப் போட மறந்துட்டியா?"

"புளி பட்டா மஞ்சளாவுது, தண்ணி பட்டாச் செவக்குது. தெனமும் அடுப்பங்கரையில நிக்கறவளுக்கு இது தெரியாதுங்களாண்ணா? யாரு கொட்டறாங்கன்னுதான் தெரியல. தண்ணியில சுண்ணாம்பு இருக்குதுன்னு நான் வாயால சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

நான் என் காப்பையே திருகிக்கொண்டு நின்றேன். கூச்சத்தால் அல்ல.

தப்புச் செய்தவனைக் காப்பு காட்டிக்கொடுக்கும் என்று எங்கள் பக்கம் நம்புகிறார்களே, அது பொய்யாகவில்லை பாருங்கள். ஒன்றுக்கு இரண்டாக அது காட்டியது. ஊர்தான் திறந்திருந்த கையை மட்டும் பார்த்தது.

மழை இன்னும் வரவில்லை. தண்ணீர் மெல்லக் கலங்க ஆரம்பித்திருக்கிறது. போன ஞாயிறு தகடு பாதி ஆழத்தில் மறைந்தது; நாங்கள் கை தட்டினோம். ஒரே ஒரு தவளை திரும்பி வந்திருக்கிறது. ஏரி நிறையும் வரை காப்பை அவிழ்ப்பதில்லை.

இவ்வளவையும் செக்போஸ்ட்டில் சொல்ல முடியுமா? காவலர் என் மணிக்கட்டை இன்னொரு முறை பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினார். பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன் —

அவரும் முழுக்கைச் சட்டை.